பன்னிரண்டு வேல விதைகள்

"ரெண்டு வருஷமாச்சும்மா. ஒண்ணுகூட முளைக்கல," என்றார் தங்கையன்.

மாடத்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கையனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மாடத்திக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். வயதைப் பார்த்துத்தான் குரு தேட வேண்டுமென்றால் ஆலமரத்திடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

காவிரிக் கரையில் நெல் விளைவித்தவர் அவர். ஒரே வாரத்தில் மனைவியையும் மூத்த மகளையும் காய்ச்சல் கொண்டுபோனது. ஏழு வயதுச் சின்னவளைத் தன் தங்கை வீட்டில் விட்டார். அதன்பிறகு அந்தப் பிள்ளையின் பேரைக்கூட அவர் வாயெடுத்துச் சொன்னதில்லை.

இந்தச் செம்மணல் மேட்டுத் தேரிக்கு வந்து, மாடத்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் மட்டும் எதுக்கு மிச்சம்?"

மாடத்தி வெள்வேல மரத்து விதை பன்னிரண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஊர் அதைத்தான் வறுத்து இடித்துக் கூழ் காய்ச்சும்.

"இது முளைக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

தங்கையன் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். விதைநெல்லை ஊறவைப்பதுபோலக் குளிர்ந்த தண்ணீரில் போட்டார். ஈரச் சாக்கில் கட்டி வைக்கோலுக்குள் வைத்தார். எருவைச் சலித்துப் பாத்தி கட்டி, ஓலை நிழல் போட்டார். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினார்.

ஊரே சிரித்தது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படிச் சிரிக்கிற ஊர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்று எல்லாவற்றையும் தோண்டி எடுத்து வந்திருந்தார். பன்னிரண்டும் வாங்கியபோது இருந்தபடியே கெட்டியாக இருந்தன.

"சாகவும் இல்ல, முளைக்கவும் இல்ல. என்னை மாதிரியே கெடக்கு."

மாடத்தி விதைகளை வாங்கி ஒரு சட்டியில் போட்டாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை இறக்கி, அப்படியே அதன்மேல் ஊற்றினாள்.

தங்கையன் சட்டியைப் பிடுங்கப் பார்த்தார். கை வெந்தது.

"பிள்ளையாட்டம் வச்சிருந்தேனே அம்மா."

"பிள்ளையில்ல அண்ணாச்சி. வேல விதை. அது தோலு லேசுல விடாது."

மறுநாள் அவற்றை வெட்டவெளியில் ஊன்றிவிட்டு, "தினமும் தண்ணி விடுங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் நாலு முளைத்தன. தங்கையன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று ஊர் நினைத்தது.

அடுத்த நாள் மாடத்தியின் முன்னால் வந்து மூடிய கையைத் திறந்தார். உள்ளே எட்டு விதைகள். ஊதிப்போய், நசுநசுவென்று அழுகியிருந்தன.

"இந்த எட்டும் வெந்து போச்சும்மா."

"ஆமா."

"இது என்ன தப்புப் பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"அந்த நாலும் என்ன புண்ணியம் பண்ணிச்சு?"

"அதுவும் ஒண்ணும் பண்ணல."

"அதே சட்டி. அதே தண்ணி."

"ஆமா அண்ணாச்சி."

"முளைக்கட்டும், பேசுவோம்னீங்க. இப்பப் பேசுங்க. எனக்குக் கேக்க வேற ஆளு இல்ல."

மாடத்தியின் கண்ணும் கலங்கிவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"நாலுக்கும் இன்னைக்குத் தண்ணி விட்டீங்களா?"

தங்கையன் விடவில்லை. விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இந்த எட்டையும்தான் தேடித் தேடித் தோண்டிக்கொண்டிருந்தார்.

வெந்த விதைகள் அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"பூங்கோதைக்கு இப்ப ஒன்பது வயசு ஆயிருக்கும்," என்றார்.