நாலு எண்ணும் வரை

ஞானசிகாமணி முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். அப்பேர்ப்பட்ட மனுஷரைப் பார்த்து, அறுபத்திரண்டு வயதில், "அண்ணாச்சி, நேரம் தப்புது" என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னது ஹெப்சிபா டீச்சர். வயது முப்பத்திமூன்று. நல்லையபுரம் கோயிலின் பழைய கொயர் மாஸ்டர் ஈஸ்டர் முடிந்ததும் மகனோடு பெங்களூர் போய்விட்டார். அப்போது கமிட்டியில் எழுந்து நின்று, "சின்னப் பொண்ணுதான், ஆனா முறையா படிச்சவ" என்று இவளுக்காகப் பேசியதே ஞானசிகாமணிதான். யாரைக் குறை சொல்ல?

கொயரில் மொத்தம் இருபத்தொரு பேர். தபால்காரர், நர்ஸ், தையல் கடைக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. பாடினால் கிடைப்பது டீயும் ஒரு உளுந்த வடையும். வயதைப் பார்த்தால் ஞானசிகாமணி டீச்சருக்கு அப்பா மாதிரி. ஆனால் பயிற்சி ஹாலுக்குள் நுழைந்துவிட்டால் அவள் குரு, இவர் சீடர். அதுதான் அவருக்குச் செரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்காக டீச்சரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். கூட வாத்தியம் கிடையாது. முதல் வரி முடிந்ததும் எல்லாரும் நிறுத்த வேண்டும். நாலு எண்ணும் வரை ஹாலில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது. நாலு முடிந்து டீச்சரின் கை கீழே இறங்கும்போது இருபத்தொரு பேரும் சேர்ந்து அடுத்த வரியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மூன்று வாரமாக நடக்கவில்லை.

"அண்ணாச்சி, மூணுலயே எடுத்திட்டீங்க."

மறுபடியும் முதல் வரி. மறுபடியும் மௌனம்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்."

ஞானசிகாமணி கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார். அப்போதுதான் பாட்டில் உருக்கம் வரும் என்பது அவர் கட்சி. டீச்சர் அண்ணாச்சி என்று கூப்பிடும்போது கண்ணைத் திறப்பார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மானம் போகும்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் ஹாலிலேயே நின்றார். டீச்சர் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இன்னைக்கு மட்டும் என்னை ஆறு தடவை நிறுத்துனீங்க. வேற யாரையும் ஒரு தடவைகூட நிறுத்தலை."

"ஆமா."

மறுத்துப் பேசுவாள் என்று நினைத்து வந்தவருக்கு இந்த ஆமாவில் இன்னும் எரிச்சல் ஏறியது.

"நான் எடுக்கும்போதுதானே எல்லாரும் எடுக்காங்க? ஒரு மயிரிழை பிசகாம என் கூடவே எடுக்காங்க. அப்போ இருபது பேரும் தப்பு, நீங்க ஒரு ஆள்தான் சரியா?"

டீச்சர் தாள்களைத் தட்டி ஒழுங்கு பண்ணினாள்.

"இருபத்தேழு கிறிஸ்துமஸ் பாடியிருக்கேன். நேரத்தைப் பத்தி எனக்கா சொல்லுதீங்க?"

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கொயரை விட்டு விலகிக்கிடுதேன். உடம்புக்கு முடியலைன்னு எழுதியிருக்கேன். உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலை."

உடம்பு கல்லு மாதிரிதான் இருந்தது. மனசுதான் சரியில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கும் அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. இந்த வருஷம்தான் உட்கார வேண்டும்.

டீச்சர் காகிதத்தை வாங்கிப் பிரிக்காமலே பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்க. பாட வேண்டாம். என் பக்கத்துல நில்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா நில்லுங்க."

மறுநாள் அவர் கிளம்புவதைப் பார்த்து மனைவி அன்னபாக்கியம் கேட்டாள். "வேண்டாம்னு எழுதிக் குடுத்தாச்சின்னீங்க. பிறகு எதுக்கு அயர்ன் பண்ணின சட்டை?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாலில் பெண்கள் வலப்பக்கம், ஆண்கள் இடப்பக்கம், எதிரும் புதிருமாக நின்றார்கள். ஞானசிகாமணியின் இடம் ஆண்கள் வரிசையில் ஜன்னலோரம். அங்கே அவருடைய நாற்காலிக்கு முன்னால் மட்டும் ஆள் இல்லை. அவர் டீச்சருக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொயரை இந்த இடத்திலிருந்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டீச்சர் கையைத் தூக்கினாள். முதல் வரி அழகாக வந்து நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

கை கீழே இறங்கியது. ஒருத்தரும் எடுக்கவில்லை.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இருபது பேரும் வாயைப் பாதி திறந்தபடி நின்றார்கள்.

"திரும்ப எடுப்போம்" என்றாள் டீச்சர்.

திரும்பவும் முதல் வரி. திரும்பவும் நாலு. கை இறங்கிய பிறகு தபால்காரர் மட்டும் ஏதோ முனகிவிட்டு, துணைக்கு ஆள் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் தடவை ஞானசிகாமணி டீச்சரின் கையைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கண்ணைப் பார்த்தார். பெண்கள், ஆண்கள், இருபது பேரும் ஜன்னலோரம் கிடந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏ தங்கதுரை, டீச்சர் கை இங்க இருக்கு. நீரு கண்ணை எங்க வே வச்சிருக்கீரு?"

தங்கதுரை அதே பஸ் ஸ்டாண்டில் டிரைவராக இருந்தவர். கொயரில் ஞானசிகாமணிக்கு அடுத்த ஆள்.

"நீங்க நாடியைத் தூக்கினாத்தானே அண்ணாச்சி எடுக்கணும்?" என்றார் அவர், ஊருக்கே தெரிந்ததைச் சொல்வது போல. "ஸ்டாண்டுலயும் உங்களைப் பாத்துத்தானே வண்டிய எடுத்தேன்."

எதிர் வரிசையில் நர்ஸ் கனகமணி தலையாட்டினாள். "நாங்களும் அதைத்தான் பாக்கோம்."

"நான் எப்போ நாடியைத் தூக்கினேன்?"

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள். ஞானசிகாமணியின் கை தானாகத் தாடைக்குப் போனது.

அவர் டீச்சர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது உங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"பிறகு அவங்களை நிறுத்தாம என்னை ஏன் நிறுத்துனீங்க?"

"உங்களை நிறுத்தினா இருபது பேரும் நிக்காங்க அண்ணாச்சி. அவங்களை நிறுத்தினா நீங்க நிக்க மாட்டீங்க."

நேற்று இந்த இருபது பேரைத்தானே சாட்சிக்கு இழுத்தோம் என்று நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ நான் விலகுதது நல்லதுதான்."

டீச்சர் பாட்டுப் புத்தகத்திலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நீங்க போனா அந்த நாற்காலியைப் பாத்துக்கிட்டே நிப்பாங்க. இப்போதான் பாத்தீங்களே."

"பிறகு என்ன செய்ய? எல்லாரும் உங்களைப் பாக்கணும்னு நான் சொல்லவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க என்னைப் பாருங்க. அவங்க உங்களைப் பாக்கட்டும்."

ஞானசிகாமணி காகிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

முதல் வரி வந்து நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாடி தானாக மேலே வரப் பார்த்தது. அவர் கண்ணைத் திறந்து, டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றார். ஹாலில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.