பிரண்டைக்கு அரிப்பு வந்த நாள்

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, கரட்டுக் குன்றடிக் குடிசையில் அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள்: ஒச்சாயி, அவள் புருஷன் விருமன், அவன் தங்கை செவனம்மா, ஒச்சாயியின் பெண்கள் பெரியவளும் சின்னவளும். ஆக ஐந்து பேர். கிளுவை வேலியில் ஒரு பிரண்டைக் கொடி. அதையும் சேர்த்தால் ஆறு.

மழை பொய்த்து அது மூன்றாம் வருஷம். பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை எல்லாம் கருகிப்போக, பிரண்டை மட்டும் பச்சையாக நின்றது. அப்போது அதற்கு அரிப்புக் கிடையாது. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒடித்த கையோடு தின்னலாம். ஒச்சாயி நுனிக்கணுவை ஒடித்துக்கொள்வது, அடித்தூரைத் தொடாமல் விடுவது என்று அவளுக்கும் கொடிக்கும் பேச்சு. தினமும் வேலியோரம் நின்று நல்லது கெட்டது பேசிவிட்டுத்தான் ஒடிப்பாள். மதினிக்கு நாத்தனார் நானா இந்தக் கொடியா என்று செவனம்மா குத்திக்காட்டுவாள்.

பிறகு நுனி துளிர்ப்பதும் நின்றது. சின்னவள் பாயைவிட்டு எழவில்லை. கரட்டின் மறுபக்கம் தேடப் போன விருமன் வெறுங்கையோடு வந்து சுவரில் சாய்ந்தான். ஒச்சாயி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

“தூரை விட்டுரு அக்கா,” என்றது கொடி. “மழை வந்தா உன் பிள்ளைகளுக்குத்தானே ஆவேன்.”

“பிள்ளை போனப்புறம் நீ யாருக்கு ஆவ?”

வேரோடு பறித்தாள். மடியில் கிடந்தும் கொடி கெஞ்சியது. உலையில் போட்ட பிறகும் கெஞ்சியது. அவள் சட்டியை மூடினாள். வெளியே வர வழியில்லாமல் அதன் பேச்சு முழுவதும் சாற்றிலேயே இறங்கிவிட்டது.

முதல் வாய் சின்னவளுக்கு. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள யாரோ பேசுறாங்கம்மா.”

அதன்பின் அவளுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. செவனம்மா பானை அடியில் ஒட்டிக்கிடந்த பழம்புளியைச் சுரண்டிக் கரைத்துச் சட்டியில் ஊற்றினாள். மற்றவர்கள் குடித்தபோது சாற்றின் அரிப்பு அடங்கியிருந்தது. ஆனால் சின்னவளின் வாய் மறுபடி திறக்கவில்லை.

சொல்லி அழ ஒச்சாயி வேலிக்குப் போனாள். அங்கே குழிதான் இருந்தது. பக்கத்தில், அவள் மடியிலிருந்து சிந்திய சில கணுக்கள். கூப்பிட்டுப் பார்த்தாள். அவை பேசவில்லை.

அன்று முதல்தான் பிரண்டை வாய் திறப்பதில்லை, தொண்டையில் அரிக்கிறது. புளி விடாமல் அதை யாரும் சமைப்பதுமில்லை. இன்றைக்கு வேலிகளில் ஏறிக்கிடப்பதெல்லாம் அந்தச் சிந்திய கணுக்களின் வழி. வேலியோரம் மிஞ்சியது மூன்று கணு. குடிசையில் மிஞ்சியவர்கள் நான்கு பேர்.