உச்சிக்கிளையில் ஓட்டுப்பானை

இலுப்பைக் காட்டில் வக்கீல் தொழில் காகங்களுடையது. பிறக்கும்போதே கறுப்பு அங்கியோடு பிறந்தவர்கள் என்பதால் யாரும் அவர்களோடு போட்டிக்கு வரவில்லை. வந்த ஒரே ஆள் கரிச்சான் குருவி. அதுவும் கறுப்புதான். ஆனால் சின்ன உடம்பு, பிளந்த வால். அதன் குலத்தில் சட்டம் படித்த முதல் பறவை அது. காகங்களின் வக்கீல் சங்கம் அதை ஜூனியராகச் சேர்த்துக்கொண்டது. கிளையைத் துடைப்பதும், சீனியர் பேசும்போது தலையாட்டுவதும்தான் அதன் வேலை.

அன்று சங்கத்தின் சமத்துவ விழா. மாலையில் ஒரு வாக்கெடுப்பும் இருந்தது.

கோடையில் எல்லாக் குட்டைகளும் வற்றி, தவளைகள் குடியிருந்த குட்டை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ‘அதில் நாங்களும் இறங்கி இரை தேட அனுமதி வேண்டும்’ என்று கொக்குகள் கேட்டிருந்தன. அனுமதி கிடைத்துவிட்டால் ஒரு தவளை கூடத் தப்பாது! சம்மதிப்பவர்கள் பானையில் வெள்ளைக் கூழாங்கல் போட வேண்டும். மறுப்பவர்கள் புளியங்கொட்டை போட வேண்டும். எல்லோருக்கும் ஓட்டு உண்டு. பானைதான் குட்டைக்கரையில் நின்ற இலுப்பை மரத்தின் உச்சிக்கிளையில் இருந்தது.

கரிச்சான் காலையிலிருந்தே அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல சங்கத் தலைவரிடம் போனது. தலைவர் ஒரு கொழுத்த அண்டங்காக்கை. பெயர் கருமேனியார்.

“சீனியர், ஒரு சந்தேகம். தவளைகளுக்கு மரம் ஏறத் தெரியாதே?”

“ஏறக் கூடாதுன்னு நாம தடுத்தோமா?”

“இல்லை, சீனியர்.”

“அப்புறம் என்ன? அவங்களுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்ததே நம்ம சங்கம்தான். இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். நீ போய்ப் பொன்னாடையை மடிச்சு வை!”

பொன்னாடை என்பது ஏதோ ஊரில், ஏதோ கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் துண்டு. போன மழைக்காலத்தில் பாசியப்பர் என்ற கிழத்தவளை விடிய விடியக் கத்தி, வெள்ளம் வருவதைச் சொல்லி, காட்டையே காப்பாற்றியிருந்தது. அந்தச் சமூக சேவைக்காகத்தான் இந்த மரியாதை. பொன்னாடையைத் தலைவர் தம் கையால் போர்த்த வேண்டும். போர்த்திய பிறகுதான் கருவாட்டு விருந்து. சங்கத்தில் இந்த வழக்கம் ஒருமுறையும் தவறியதில்லை.

விழாவும் உச்சிக்கிளையில்தான்! எனவே ஒரு பழைய தூக்கணாங்குருவிக் கூட்டில் பாசியப்பரை உட்கார வைத்து, கொடியைக் கட்டி, காகங்கள் மேலிருந்து இழுத்தன.

“ஏலேலோ! இழு!”

“யோவ், நீ இழுக்கிறியா, சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா?”

“என் இறக்கையை மிதிக்காதீங்க, வக்கீலய்யா!”

பாதி வழியில் கூடு ஒரு கவைக்கிளையில் சிக்கியது. இப்படியும் அப்படியும் ஆடியது.

“அப்பா! தலை சுத்துது! இறக்குங்கய்யா, இறக்குங்க!” என்று பாசியப்பர் அலறியது.

காகங்கள் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தன. கூட்டின் அடி பிய்ந்தது. பாசியப்பர் நேராகப் போய்க் குட்டையில் விழுந்தது. சளக்!

கரிச்சான் பதறிக்கொண்டு கீழே பறந்தது. “அடி பட்டுதா, ஐயா?”

“உயிர் இருக்கு, தம்பி. உங்க மரியாதைக்கு ஒரு கும்பிடு! நான் இனி ஏற மாட்டேன். பொன்னாடை போர்த்தணும்னா இங்க வந்து போர்த்தச் சொல்லு.”

செய்தி மேலே போனது. “கீழேயா? சேத்துலயா?” என்று கருமேனியார் முகம் சுளித்தார். ஆனால் கருவாட்டு வாசம் எல்லோர் மூக்கையும் துளைத்தது. “சீனியர், பசி காதை அடைக்குது!” என்று ஒரு காகம் முனகியது. சங்கம் அவசரமாகக் கூடி, விழாவைக் குட்டைக்கரைக்கு மாற்றியது.

தலைவர் பொன்னாடையோடு வந்து நின்றதும் பாசியப்பர் இரண்டு தாவல் பின்னால் போனது.

“முதல்ல பானையை இறக்குங்க. அப்புறம் போர்த்துங்க.”

“பானை எப்படி இறங்கும்? அது சட்டத்தோட மாண்பு!”

கரிச்சான் குட்டையைத் திரும்பிப் பார்த்தது. இப்போது வாயைத் திறந்தால் சங்கத்தில் இடம் போய்விடும். திறக்காவிட்டால் நாளை இந்தக் குட்டையில் சத்தமே இருக்காது. தத்தித் தத்தி முன்னால் வந்தது.

“சீனியர், பானை உச்சியில இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

“சட்டத்துல இல்லை. அது வழக்கம்!”

“விழா உச்சியில நடக்கிறதும் வழக்கம்தானே? ஒருத்தருக்குப் பொன்னாடை போர்த்த அது இறங்கி வந்துச்சு. இத்தனை பேர் உயிருக்காகப் பானை இறங்கக் கூடாதா?”

“ஆட்சேபணை!” என்று கொக்குத் தலைவன் கத்தினான். “கடைசி நேரத்துல இடம் மாத்துறது அநியாயம்!”

“நீங்க கீழேயும் பறந்து வரலாம். தவளைங்க மேலே வர முடியுமா?”

கொக்கு ஒற்றைக்காலை மாற்றிக்கொண்டது.

“அதான் ஜூனியர் கேட்குதே, பதில் சொல்லுங்க சீனியர்! கருவாடு ஆறுது!” என்று பின்னாலிருந்து காகங்கள் கூச்சல் போட்டன. வேறு வழியில்லாமல் கருமேனியார் தலையசைத்தார். பானை இறங்கியது.

தவளைகள் புளியங்கொட்டையைக் கவ்விக்கொண்டு வரிசையில் தாவின. ஆமைகள் வந்தன. முள்ளெலி வந்தது. இதுவரை ஓட்டே போடாத உயிர்கள் எல்லாம் வந்தன. பொழுது சாயும்போது வரிசையின் கடைசியில் ஒரு நத்தை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

“போதும், பானையை மூடு!” என்றார் கருமேனியார்.

“வரிசையில நிக்கிறவங்க போட்டு முடிச்ச பிறகுதான் மூடணும். இது வழக்கம் இல்லை, சீனியர். சட்டம்” என்றது கரிச்சான்.

சங்கம் முழுவதும் கருவாட்டைப் பார்த்தபடி நத்தைக்காகக் காத்திருந்தது. “வேகமா வாங்கம்மா!” என்று கெஞ்சாத காகம் இல்லை. “வந்துக்கிட்டேதானே இருக்கேன்!” என்றது நத்தை.

கடைசியில் பானையைக் கவிழ்த்தார்கள். புளியங்கொட்டை குவியலாகக் கொட்டியது. கூழாங்கற்கள் அதற்குள் எங்கோ புதைந்து கிடந்தன. கொக்குகள் பறந்து போயின. குட்டை முழுவதும் ஒரே சத்தம்! அந்தச் சத்தத்திலேயே கருமேனியார் பாசியப்பருக்குப் பொன்னாடை போர்த்தி, “பானையைக் கீழே இறக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு!” என்று பேசத் தொடங்கினார். கரிச்சான் தலையாட்டவில்லை. பசியோடு கருவாட்டுப் பக்கம் போனது.

உரிமை உண்டு என்று சொல்வது மட்டும் சமத்துவம் ஆகாது. அதை எல்லோர் கைக்கும் எட்டும்படி இறக்கி வைப்பதே சமத்துவம்.