யாரும் சொல்லவில்லை

கோவில்பட்டியில் ஒரு மழலையர் பள்ளி. அதன் தலைமை ஆசிரியை செண்பகவல்லி. ஒரு நாள் காலை, எல்.கே.ஜி. குழந்தை ஒன்று கேட்டைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு ஓடிவிட்டது. லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தது.

கேட்டின் கொக்கி எப்போதோ உடைந்திருக்கிறது. வகுப்பாசிரியை மும்தாஜ் அதைக் கயிற்றால் கட்டிச் சமாளித்து வந்திருக்கிறாள். அன்று கயிறு அவிழ்ந்துவிட்டது.

செண்பகவல்லி தனக்குப் பயிற்சி தந்த பிரகாசி டீச்சருக்குப் போன் செய்தாள். அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது குழந்தைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“மும்தாஜை வேலையை விட்டு அனுப்பப் போறேன் டீச்சர். கொக்கி உடைஞ்சதை ஏன் என்கிட்ட சொல்லல? நாங்க இங்கே ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம். யார் வேணும்னாலும் என்கிட்ட எதையும் பேசலாம்.”

“இது அவங்க சொன்னதா, நீ சொல்றதா?”

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. “நீங்களே கேட்டுப் பாருங்க.”

ஆசிரியைகள் வந்து குழந்தைகளின் நாற்காலிகளில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். மும்தாஜ் மட்டும் சுவரோரம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“இங்கே வேலை பார்க்க எப்படி இருக்கு?” டீச்சர் கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றாள் ஒருத்தி.

“ஒரு குறையும் இல்ல” என்றாள் இன்னொருத்தி, செண்பகவல்லியைப் பார்த்துக்கொண்டே.

“பார்த்தீங்களா டீச்சர்?”

“பார்த்தேன்.”

அவர் செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார். “காலையில நடந்ததைத் தாளாளர்கிட்ட சொல்லிட்டியா?”

செண்பகவல்லி மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டை மூடி வைத்தாள்.

“உன்னைத்தான் கேட்கிறேன்.”

“இன்னும் சொல்லல.”

“ஏன்?”

“அவர் என்ன ஏதுன்னு கேட்கவே மாட்டார் டீச்சர். கத்துவார். கூரை ஒழுகுதுன்னு போன மழையில சொன்னேன். இதைக்கூடப் பார்த்துக்கத் தெரியாதா, எதுக்குச் சம்பளம்னு எல்லார் முன்னாடியும்...”

சட்டென்று நிறுத்தினாள். முன்பு ஒரு நாள் குழாய் உடைந்ததைச் சொல்ல வந்த மும்தாஜிடம் அவளும் அதையேதான் கேட்டிருந்தாள். இதே அறையில், இவர்கள் முன்னால்.

மும்தாஜ் தலை நிமிர்ந்தாள்.

“இப்போ சொல்லு” என்றார் டீச்சர். “எங்க முன்னாடியே சொல்லு.”

செண்பகவல்லி போனை எடுத்துத் தாளாளரை அழைத்தாள். சொல்லி முடிப்பதற்குள் தாளாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. கயிறு கட்டின அந்த டீச்சர் யார், இப்போதே வெளியே அனுப்பு என்றது.

“அனுப்ப மாட்டேன் சார். என்கிட்ட வந்து சொல்ல அவங்களுக்குப் பயம். அந்தப் பயம் என்னால வந்தது.”

“அப்போ நாளைக்கு நீ வேலையில இருப்பியான்னு பாரு!”

போன் துண்டிக்கப்பட்டது. செண்பகவல்லி போனை மேசையில் வைத்தாள்.

“மேடம்” என்றாள் மும்தாஜ். “பின்னாடி தண்ணித் தொட்டி மூடியும் விரிசல் விட்டிருக்கு. பிள்ளைங்க அது மேல ஏறித்தான் குதிக்குதுங்க.”

செண்பகவல்லி வாசலை நோக்கிப் பாய்ந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பிள்ளைங்க வீட்டுக்குப் போயாச்சு. நீ உட்காரு. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க.”