கவலையைத் தேடிப்போன எருமை

ஒரு காட்டில் எருமை ஒன்று சேற்றில் படுத்தது. படுத்ததுதான், பிள்ளைகளே, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எட்டும் தூரத்தில் பச்சைப் புல் இருந்தும் வாய் வைக்கவில்லை. நாளாக நாளாக விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்றது. "அப்படியானால் எழுந்திரு" என்றால், "முடியவில்லை" என்றது. ஒன்றுமில்லையாம், முடியவும் இல்லையாம்! இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

நரி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கு" என்றது. குரங்கு மரத்தில் இருந்தபடியே, "கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. சுத்தச் சோம்பேறித்தனம்!" என்று கத்தியது. எருமைக்கு இரண்டும் சரி என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் தப்பு என்றும் தோன்றியது. தனக்கே தெரியாததை அது யாரிடம் போய்ச் சொல்லும், பாவம்!

எருமையைவிட அதிகமாகத் தவித்தது ஓர் உண்ணிக்கொக்கு. எருமை நடந்தால் அதன் காலடியில் வெட்டுக்கிளிகள் துள்ளி எழும். கொக்கு பின்னாலேயே போய்ப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். இப்போது எருமை படுத்துவிட்டது, புல் அசையவில்லை. கூட்டில் குஞ்சுகள் கத்திக் கத்தித் தொண்டை வற்றிக் கிடந்தன. இப்படியே போனால் பிழைக்குமா என்று கொக்குக்குப் பயம் வந்துவிட்டது.

அது பறந்து வந்து எருமையின் காதோரம் உட்கார்ந்தது.

"அக்கா, உங்களுக்கு என்னதான் செய்யுது?"

"என்னவோ கவலையா இருக்கு தங்கச்சி. நெஞ்சை அடைக்குது. எதுக்குன்னுதான் புரியலை."

"அந்தக் கவலை எங்கே இருந்து வந்துச்சு?"

"அதுவும் தெரியலை."

"நல்லா இருக்கே! முன்னபின்ன தெரியாத ஒண்ணை உள்ளே விட்டுட்டு, எந்த ஊருன்னுகூடக் கேட்கலையா?"

எருமை திருதிருவென்று விழித்தது. "கேட்கணுமா?"

"பின்னே? அது இருந்த இடம் தெரிஞ்சாத்தானே அங்கேயே கொண்டுபோய் விடமுடியும்? எழுந்திரிங்க, தேடுவோம்."

"என்னால முடியாதும்மா."

"அதோ, அந்தப் புதர்வரைக்கும்தான். அங்கேதான் இருக்கும்."

கொக்கு சொன்னது பச்சைப் பொய். புதருக்குப் பக்கத்தில் வெட்டுக்கிளி நிறைய உண்டு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எருமை முக்கி முனகி எழுந்தது. கால்கள் மரத்துப் போயிருந்தன. ஓரடி வைத்தது, நின்றது. "திரும்பிடலாமா?" என்றது.

"திரும்பினா திரும்பவும் அதுகிட்டதான் போகணும். வாங்கக்கா!"

புதர் வந்தது. எருமை உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தது. கவலை இல்லை. "அப்போ ஓடையில இருக்கும்" என்றது கொக்கு. எருமை ஓடையில் இறங்கிக் கற்களைக் கொம்பால் புரட்டியது. அங்கும் இல்லை. "அப்போ மேட்டுல" என்றது கொக்கு. எருமை மூச்சு வாங்க மேடு ஏறியது. வழியில் நரி வந்தது.

"நரியாரே, என் கவலையைப் பார்த்தீங்களா?"

நரி குழம்பிப்போய், "எந்த நிறம்?" என்று கேட்டது.

எருமைக்கு அதுவும் தெரியவில்லை. ஆகவே மேலே நடந்தது.

மேட்டின் உச்சியில் நல்ல காற்று. எருமை தன்னை அறியாமல் ஒரு வாய் புல்லைக் கடித்தது. ருசியாக இருந்தது. இன்னொரு வாய் கடித்தது. வயிறு நிறைந்த பிறகு திடீரென்று நிமிர்ந்து, "தங்கச்சி, நாம எதைத் தேடி இங்கே வந்தோம்?" என்றது.

கொக்கால் பதில் சொல்ல முடியவில்லை. அலகு நிறைய வெட்டுக்கிளி! அப்படியே கூட்டை நோக்கிப் பறந்துவிட்டது.

எருமை திரும்பி வந்து படுத்துத் தூங்கியது. காலையில் கண் விழித்தால், நெஞ்சில் அதே பாரம். எருமைக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்காகவா அவ்வளவு நடந்தோம்? கொக்கையும் காணோம். யோசித்தது. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. பெருமூச்சு விட்டுக்கொண்டு காலை ஊன்றி எழுந்தது.

அப்போதுதான் கொக்கு பறந்து வந்தது. யாரும் கூப்பிடாமல் எருமை எழுந்து நிற்பதைப் பார்த்து அதற்கு ஒரே ஆச்சரியம். "எங்கேக்கா கிளம்பிட்டீங்க?"

"என்ன கூத்தோ தெரியலை தங்கச்சி. தேடிப் போனா அது இல்லை. படுத்துக் கிடந்தா வந்துடுது. எனக்கு ஒண்ணுமே புரியலை. நான் நடக்கிறேன், நீ வர்றதுன்னா வா" என்று சொல்லிக்கொண்டே எருமை புதரைத் தாண்டிப் போய்விட்டது.

நீதி: மனம் ஏன் கனக்கிறது என்று புரியாவிட்டாலும் எழுந்து நட, நடக்க நடக்கக் கனம் குறையும்.