கிடங்கில் அரை மணி நேரம்

மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு காட்டில், கரடி முதலாளி ஒரு கிடங்கு நடத்தி வந்தது. உப்பு, சுண்ணாம்பு, இலுப்பைப்பூ எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும்; காட்டின் நான்கு பக்கமும் வண்டியில் போகும்.

மூட்டை சுமப்பவர்களில் பேச்சிமுத்து என்ற எருமைதான் மூத்தது. அதற்கு எழுத்துத் தெரியாது. தெரியாது என்பது வேறு யாருக்கும் தெரியாது. சாக்கை ஒருமுறை மோந்து பார்த்தால் போதும், உள்ளே என்ன என்று சொல்லிவிடும். இருபது வருடம் அந்த மூக்கே அதற்குச் சோறு போட்டது.

ஒருநாள் கரடி, சாக்குகளை எல்லாம் கழித்துவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் பைகளை வாங்கிப் போட்டது. பையின்மேல் பெயர் அச்சிட்டிருந்தது. வாசனை மட்டும் வெளியே வரவில்லை.

எருமை திண்டாடிப் போயிற்று. இரண்டு நாள், முன்னால் போகிற காளை யாரையாவது கேட்டுக்கொண்டு எங்கே இறக்குகிறதோ அங்கேயே தானும் இறக்கிச் சமாளித்தது. மூன்றாம் நாள் காளை வரவில்லை. அன்று உப்பு வண்டியில் சுண்ணாம்பு ஏறிவிட்டது. மான்கள் ஆசையாக நக்கி, நாக்கு வெந்து ஓடின.

கரடி கூப்பிட்டுக் கேட்டது. கண்ணில் மிளகாய்த் தூசி விழுந்துவிட்டது என்று எருமை சொன்னது.

"இன்னொரு தரம் பிசகினா உனக்கு இங்க வேலை இல்ல" என்றது கரடி.

எருமைக்கு அன்று புல் இறங்கவில்லை. இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

கிடங்குச் சங்கத்துக்குச் செயலாளர் ஒரு கீரி. எல்லாரும் அதைக் கீரியக்கா என்பார்கள். எருமை பிளாஸ்டிக் பையை மோந்து மோந்து பார்ப்பதை அது கவனித்திருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நேரே முதலாளியிடம் போய், வேலை நேரத்திலேயே தினம் அரை மணி நேரம் எழுத்துப் படிக்க விட வேண்டும், சொல்லிக்கொடுக்கச் சங்கம் ஒரு மைனாவை வரவழைக்கும் என்று கேட்டது.

"படிச்சு இவங்க என்ன, கலெக்டர் ஆகப் போறாங்களா?" என்றது கரடி.

"அதெல்லாம் வேண்டாங்க. மானுக்குச் சுண்ணாம்பு போகாம இருந்தாப் போதும்."

கரடி காதைச் சொறிந்துகொண்டு சரி என்றது.

எடைமேடைக்குப் பக்கத்தில் வகுப்பு தொடங்கியது. கழுதை வந்தது, காளை வந்தது. எருமை மட்டும் வேலை கிடக்கிறது என்று சொல்லிக் காலி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கீரி அதன் பக்கத்தில் போய் நின்றது.

"அண்ணே, எனக்குக் கணக்கு வராது. நீங்க குவியலைப் பாத்ததும் இத்தனை வண்டின்னு சொல்லிடுறீங்க. அதை எனக்குக் கத்துக் குடுங்க. நானும் வகுப்புலதான் உட்காரப் போறேன்."

எருமை வண்டியைத் துடைப்பதை நிறுத்தியது. பிறகு மெதுவாக, "யாராவது சிரிச்சா?" என்றது.

"தெரிஞ்சவங்க யாரு அங்க இருக்கா, சிரிக்கிறதுக்கு?"

எருமை போய் உட்கார்ந்தது. 'உ' போட ஒரு வாரம் ஆயிற்று. காளை எழுதிய 'ப'வை எருமை மிதித்து அழித்துவிட, அதற்கு ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. கீரியோ, கணக்கில் எருமையைப் பாடாய்ப் படுத்தியது. மழைக்காலம் முடிவதற்குள் எருமை பைகளைப் பெயர் பார்த்து அடுக்கத் தொடங்கிவிட்டது.

கிடங்கின் மேஸ்திரி ஒரு நரி. எருமையின் இடத்தில் தன் மச்சானை வைக்க வேண்டும் என்று அதற்கு வெகுநாளாக ஆசை. வகுப்புப் பக்கம் அது எட்டிப் பார்த்ததே இல்லை. எழுத்தாவது, எருமையாவது என்ற எண்ணம். ஒருநாள் மையும் காகிதமுமாக வந்தது.

"பேச்சிமுத்து, முதலாளி உனக்கு ஒரு வாரம் லீவு குடுத்திருக்காரு. இதுல குளம்பை வையி."

எருமை குளம்பை மையில் வைக்கவில்லை. காகிதத்தைத் தரையில் விரித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தது.

"நா...ன்... நானே... வே...லை... வேலையை... விட்டு... வில...கு...கி...றேன்."

கிடங்கே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கரடியும் உள்ளே இருந்து வந்து நின்றது.

"இதுல லீவுங்கிற சொல்லு எங்க இருக்கு மேஸ்திரி? எனக்கு இன்னும் வேகமாப் படிக்க வரல. நீங்களே தொட்டுக் காட்டுங்க."

நரி காகிதத்தைப் பிடுங்கக் கை நீட்டியது. அதற்குள் காகிதம் எருமையின் வாய்க்குள் போயிருந்தது. எருமை அதை நிதானமாக மென்று விழுங்கியது.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றது.

நீதி: தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், கூட உட்கார்ந்து படிக்கத் தோழர்கள் இருந்தால் எந்த வயதிலும் கற்கலாம்.