மலையேறிய யானைக் கொட்டில்

முன்னொரு காலத்தில் குன்றவள நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, பெரும்பாலும் உட்கார்ந்திருந்தான் என்பதே சரி. சிம்மாசனத்திலிருந்து சமையற்கட்டு வரை நடப்பதே அவனுக்குப் படையெடுப்பு மாதிரி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை தீபத்தன்று ராஜா நெய்க்குடத்தைத் தன் தோளில் சுமந்து, மலையுச்சிக்கு நடந்தே ஏறி, தீபக் கொப்பரையில் ஊற்ற வேண்டும். போன வருஷம் பாதி மலையிலேயே செங்கோடன் உட்கார்ந்துவிட்டான். பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அவமானத்தில் ராஜா அன்று இரவு சாப்பிடவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! போதாததற்கு, "இனி ஒருமுறை உட்கார்ந்தால் குடம் மகாராஜாவின் மைத்துனர் தோளுக்குப் போகும்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ராஜாவுக்கு மைத்துனனைக் கண்டாலே ஆகாது.

அரண்மனைக் கேளிக்கைகளுக்குத் தலைவர் அம்பலவாணர். மந்திரி மருதப்பரின் பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"தேகப்பயிற்சிக்கு வேண்டியது உற்சாகம், மகாராஜா! அதை என்னிடம் விடுங்கள்" என்றார்.

தந்தப்பிடி போட்ட கர்லாக்கட்டை வந்தது. தவில் வந்தது. பாராட்டிப் பாடப் புலவர்களும் வந்தார்கள். முதல் நாள் ராஜா சுழற்றிய சுழற்றலில் பக்கத்தில் நின்றவர்கள் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். மறுநாள் பாதிச் சுழற்றல். அதற்கடுத்த நாள், "இன்றைக்கு மனசே வரவில்லை, அம்பலவாணரே." அவரும் ராகத்தை மாற்றினார், புலவர்களை மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓரிரு நாள் ஆட்டம், பிறகு படுக்கை. கடைசியில் கர்லாக்கட்டை சமையற்கட்டில் தேங்காய் உடைக்கப் போய்ச் சேர்ந்தது.

ராஜா மந்திரியைக் கூப்பிட்டான். "மருதப்பரே, படுக்கப் போகும்போது ஆசை மலையளவு இருக்கிறது. விடிந்தால் காணோம். அதைப் பிடித்துக் கட்டிவைக்க ஒரு வழி சொல்லும்."

"எதற்கு மகாராஜா கட்டிவைப்பது? வந்தால் வரட்டும், போனால் போகட்டும். நாம் அது இல்லாமலே நடப்போம்."

அம்பலவாணர் கைகொட்டிச் சிரித்தார். "உற்சாகம் இல்லாமல் மகாராஜாவை நடக்கவைப்பாராம்!"

"தீபத்தன்று மகாராஜா வழியில் உட்கார்ந்தால் என் மந்திரி முத்திரை மோதிரம் உமக்கு. உச்சியை எட்டிவிட்டால்?"

"மகாராஜா இடும் வேலையை ஆயுசுக்கும் செய்கிறேன்!" என்று சபையில் சத்தியம் செய்தார் அம்பலவாணர். மோதிரம் தன் விரலுக்குப் பொருந்துமா என்பதுதான் அவர் கவலை.

சோம்பேறிதான் என்றாலும், ஒன்றை மட்டும் செங்கோடன் ஒருநாளும் விட்டதில்லை. காலையில் பட்டத்து யானை கற்பகத்தின் முகத்தில்தான் விழிப்பான். கண்ணைப் பட்டுத்துணியால் கட்டிக்கொண்டு, மந்திரியின் கையைப் பிடித்தபடி கொட்டிலுக்குப் போய், அங்கேதான் கட்டை அவிழ்ப்பான். யானையை அரசனிடம் அழைத்துவரக் கூடாது. அதன் முகம் பார்க்கும் முன் அரசன் போடும் ஆணை எதுவும் செல்லாது. அவன் பாட்டனார் ஏற்படுத்திய முறை இது.

மருதப்பர் செய்தது இவ்வளவுதான். பாகனைக் கூப்பிட்டு, கொட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் மலையடிவாரம். அப்புறம் மலைப்பாதை.

"என்னய்யா, போய்க்கொண்டே இருக்கிறோம்! கொட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்லும். இது ராஜ கட்டளை!"

"ஆகட்டும் மகாராஜா. யானையைப் பார்த்துவிட்டு இதையே ஒருமுறை சொல்லிவிடுங்கள். இப்போது சொன்னால் செல்லாதே!"

முணுமுணுத்துக்கொண்டே ராஜா நடப்பான். திட்டுவான். நடப்பான். கட்டை அவிழ்த்ததும் எதிரே கற்பகம் காதை ஆட்டும், மலைக்காற்று வீசும், சுடச்சுட வெண்பொங்கல் காத்திருக்கும். யானைமேல் ஏறித் திரும்புகிற சுகத்தில் கட்டளை எங்கே நினைவு வரப்போகிறது?

தீபத் திருநாள் வந்தது. அம்பலவாணர் விடவில்லை. ராஜா ஏறிவிட்டால், என் தவிலால்தான் ஏறினார் என்று சொல்லிக்கொள்ளலாமே! மேளதாளத்தோடு முன்னால் கிளம்பினார். மலை ஏற ஏறப் புலவர்களுக்கு மூச்சு வாங்கியது, பாட்டு நின்றது. தூறல் விழுந்தது, தவில் தோல் நனைந்து ஓசை செத்தது. அம்பலவாணர் ஒரு பாறையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பாராட்ட ஆளில்லை. வழுக்கும் பாதை, தோளில் குடம். போன வருஷம் உட்கார்ந்த இடம் வந்தபோது ராஜா நின்றான். மருதப்பர் அவன் காலையே பார்த்தார். இத்தனை வருஷப் பதவி அந்த ஒரு அடியில் இருந்தது.

"மருதப்பரே, துளிகூட மனசு வரவில்லை" என்றான் ராஜா.

"தினமும் அப்படித்தானே சொல்கிறீர்கள், மகாராஜா?"

"அதுவும் சரிதான்" என்று குடத்தை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். உச்சியில் தீபம் எரிந்தபோது ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். செங்கோடனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சபையில், "என்ன பரிசு வேண்டும், கேளும்!" என்றான் ராஜா.

"இனியாவது காலையில் நான் நன்றாகத் தூங்க வேண்டும், மகாராஜா. உங்களோடு நடந்து நடந்து என் வேட்டியெல்லாம் இடுப்பில் நிற்கவில்லை."

"தந்தோம்! கொட்டில் மலைமேலேயே இருக்கட்டும். நாளை முதல் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் வேலை அம்பலவாணருக்கு."

அடுத்த நாள் பொழுது விடியும் நேரம். கண்ணில் பட்டுத்துணியோடு ராஜா வாசலில் கையை நீட்டி நின்றான். கொட்டாவி விட்டபடி வந்தார் அம்பலவாணர்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா, இன்றைக்கு எனக்கு உற்சாகமே வரவில்லை."

"எனக்கும்தான் வரவில்லை. நடவும்!"